ஒன்றரை கப் ரவை என்றால் எத்தனை கிராம்?

தீபாவளி நெருங்கும்போது பழைய சமையல் நோட்டுகள் அலமாரியை விட்டு வெளியே வரும். சுஜி கேக் என்ற தலைப்பின் கீழே பெரும்பாலும் இப்படித்தான் எழுதியிருக்கும்: "ரவை 1½ கப், மைதா ½ கப், பாதாம் தூள் 1 கப், சீனி 1 கப், வெண்ணெய் 1 கட்டி, மஞ்சள்கரு 8, வெள்ளைக்கரு 4, பேக்கிங் பவுடர் 1 ஸ்பூன்." எழுதியவருக்கு இதில் எந்தக் குழப்பமும் இருந்திருக்காது. அவர் வீட்டில் அளப்பதற்கென்று ஒரே ஒரு கப் இருந்தது, கடையில் ஒரே வகை வெண்ணெய் வாங்கினார். அந்தக் கப் இல்லாத வீட்டில், வேறு கடை வெண்ணெயை வைத்துக்கொண்டு, அதே நோட்டைப் பார்த்துச் செய்யும்போதுதான் கேக் வறண்டு உதிர்கிறது, அல்லது நடுவில் குழி விழுந்து எண்ணெய் கசிகிறது. கைப்பக்குவம் போய்விட்டது என்று வருத்தப்படுகிறோம். பக்குவம் அப்படியேதான் இருக்கிறது. கப்தான் மாறிவிட்டது.

இப்படிப்பட்ட குறிப்பைக் கிராமுக்கு மாற்ற மூன்று விஷயம் தெரிய வேண்டும்: எந்தக் கப், அதற்குள் என்ன பொருள், அதை எப்படி நிரப்பினார்கள். இணையத்தில் கிடைக்கும் அட்டவணைகள் நடுக் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். மற்ற இரண்டையும் நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எந்தக் கப்?

சிங்கப்பூர் வீடுகளில் "கப்" என்ற பெயரில் குறைந்தது நான்கு பாத்திரங்கள் புழங்குகின்றன. அமெரிக்கச் செய்முறைகளில் வரும் கப் சுமார் 237 மி.லி.; அங்கே உணவுப் பொட்டலங்களின் சத்துக் கணக்குக்கு 240 என்று வைத்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வீட்டுச் சமையலில் மறந்துவிடலாம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து செய்முறைகளின் கப் 250 மி.லி. ஜப்பானியச் செய்முறைகளில் கப் என்றால் 200 மி.லி. ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் 180 மி.லி.

கடைசியாகச் சொன்னதுதான் நம் வீடுகளில் அதிகக் குழப்பம் செய்வது. அரிசி மூட்டைக்குள்ளேயே கிடக்கும், கைக்கு உடனே கிடைக்கும், பக்கவாட்டில் கோடும் இருக்கும். அதனால் அதையே மாவுக்கும் எடுத்துவிடுகிறோம். 240 மி.லி. கப்பில் அது சரியாக முக்கால் பங்கு. எல்லாப் பொருளையும் அதே கப்பால் அளந்தால் கேக் சிறியதாக வரும், அவ்வளவுதான். ஆனால் வெண்ணெயைக் கட்டியாகவும் முட்டையை எண்ணிக்கையாகவும் போட்டுவிட்டு, மாவை மட்டும் ரைஸ் குக்கர் கப்பால் அளந்தால் விகிதமே சாய்ந்துவிடும்.

இவை தவிர கண்டென்ஸ்டு மில்க் டின். காலியான பால் டின்னைக் கழுவிக் காயவைத்து அரிசி, மாவு அளக்க வைத்துக்கொள்வது இங்கேயும் மலேசியாவிலும் பல வீடுகளில் இருந்த பழக்கம். உள்ளே சுமார் 390 கிராம் பால் இருந்த டின் அது. அந்தப் பால் தண்ணீரைவிட ஏறக்குறைய 1.3 மடங்கு கனம் என்பதால், டின்னின் கொள்ளளவு 300 மி.லி. அளவில் வரும். நோட்டில் "டின்" என்று எழுதியிருந்தால் இந்தக் கணக்குதான். தமிழ்நாட்டிலிருந்து வந்த குறிப்புகளில் ஆழாக்கு, படி இருக்கும். அவை ஊருக்கு ஊர் மாறியவை. யார் வீட்டு ஆழாக்கு என்று தெரியாமல் எண் சொல்ல முடியாது. பாத்திரம் இன்னும் வீட்டில் இருந்தால் மட்டும் அளந்து பார்க்கலாம்.

அளப்பது ஐந்து நிமிட வேலை. காலிக் கப்பைத் தராசில் வையுங்கள், பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்குங்கள், விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். வரும் கிராம்தான் மி.லி. நம் ஊர் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் 996 கிராம் இருக்கும். ஒரு கப்புக்கு வித்தியாசம் சுமார் ஒரு கிராம்தான். ஓர் எச்சரிக்கை: ரைஸ் குக்கர் கப்பிலும் சில பிளாஸ்டிக் கப்களிலும் கோடு ஓர் இடத்தில் இருக்கும், விளிம்பு அதற்கு மேலே இருக்கும். மாவைத் தலைதட்டி அளப்பவர் விளிம்பைத்தான் பயன்படுத்துகிறார். இரண்டையும் அளந்து, கப்பின் அடியில் அழியாத மார்க்கரால் எழுதி வையுங்கள்.

மேசைக்கரண்டியையும் விட்டுவிடாதீர்கள். தேக்கரண்டி எங்கும் 5 மி.லி. தான். மேசைக்கரண்டி பெரும்பாலான இடங்களில் 15 மி.லி., ஆஸ்திரேலியாவில் மட்டும் 20. இங்கே கடைகளில் இரண்டு வகையும் விற்கிறார்கள், சில செட்டுகளில் அளவே பொறித்திருக்காது. தேக்கரண்டியால் தண்ணீர் மொண்டு மேசைக்கரண்டியை நிரப்பிப் பாருங்கள். மூன்றில் நிறைந்தால் 15, நான்கில் நிறைந்தால் 20. ஒரு மேசைக்கரண்டி பேக்கிங் பவுடர் கேட்கும் செய்முறையில் தெரியாமல் 20 மி.லி. கரண்டியைப் போட்டால் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். கேக் அடுப்பில் கிடுகிடுவென்று எழும்பி, சுவர் பிடிப்பதற்குள் அமுங்கிவிடும். நாக்கில் சோடாச் சுவையும் நிற்கும்.

எப்படி நிரப்பினார்கள்?

தண்ணீர், பால், எண்ணெய் எப்படி ஊற்றினாலும் ஒன்றுதான். சீனியும் ஏறக்குறைய அப்படியே. எல்லாத் தொல்லையும் மாவில்தான்.

ஒரே 240 மி.லி. கப்பை எடுத்துக்கொள்வோம். மாவு டப்பாவுக்குள் கப்பை விட்டுக் கோரி எடுத்து, மேலே கத்தியால் வழித்தால் 140 முதல் 150 கிராம் வரும். டப்பாவில் மாவை முள்கரண்டியால் கிளறிவிட்டு, கரண்டியால் அள்ளி அள்ளிக் கப்பில் போட்டு, தட்டாமல் அழுத்தாமல் வழித்தால் 120 முதல் 125. முதலில் தட்டில் சலித்துவிட்டு, சலித்த மாவைக் கப்பில் அள்ளினால் 110 பக்கம். அதே கப், அதே மாவு, அதே கை. வித்தியாசம் 40 கிராம். நிரப்பிய பிறகு கப்பை மேசையில் இரண்டு தட்டு தட்டினால் மாவு அமுங்கி இடம் கிடைக்கும், உடனே இன்னொரு கரண்டி போடத் தோன்றும். அந்தத் தட்டல்தான் பத்து கிராமுக்குமேல் மாவைக் கூட்டிவிடுகிறது.

ரொட்டியில் இது என்ன செய்கிறது என்று பாருங்கள். மூன்று கப் மாவு, ஒரு கப் தண்ணீர் என்று ஒரு செய்முறை. மாவை 120 கிராம் கணக்கில் எடுத்தால் 360 கிராமுக்கு 240 கிராம் தண்ணீர், அதாவது 67 சதவீதம்: கையில் ஒட்டும், இளகிய மாவு, நன்றாக உப்பும். 150 கணக்கில் எடுத்தால் 450 கிராமுக்கு அதே 240, அதாவது 53 சதவீதம்: சப்பாத்தி மாவைப்போல் இறுகி நிற்கும். இரண்டு பேரும் செய்முறையை ஒரு சொல்கூட மாற்றாமல் பின்பற்றியவர்கள்தான்.

சிங்கப்பூரின் ஈரப்பதமும் சேர்ந்துகொள்ளும். இங்கே ஆண்டுச் சராசரி 80 சதவீதத்துக்கு மேல். திறந்துவைத்த பொட்டலத்து மாவு ஈரத்தை இழுத்துச் சிறு சிறு உருண்டையாகிறது. உருண்டைகளுக்கு இடையில் காற்று நிற்பதால் ஒரு நாள் கப்பில் குறைவாகவும், அழுத்தி உடைத்த நாளில் அதிகமாகவும் ஏறும். வண்டு வராமலிருக்க மாவைக் குளிர்பெட்டியில் வைப்பது நல்லதுதான். ஆனால் எடுத்தவுடன் மூடியைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருங்கள். இல்லையென்றால் குளிர்ந்த மாவின்மேல் நீர் படிந்து, கட்டி இன்னும் கூடும்.

தமிழ்ச் செய்முறைகளில் கவனிக்க வேண்டிய ஒரு சொல் வரிசை உண்டு. "சலித்த மைதா 1 கப்" என்பதும் "மைதா 1 கப், சலித்துக்கொள்ளவும்" என்பதும் ஒன்றல்ல. முதலாவதில் சலித்த பிறகு அளக்க வேண்டும். சுமார் 110 கிராம். இரண்டாவதில் அளந்த பிறகு சலிக்க வேண்டும்; 120 முதல் 125 வரை. "பொடித்த முந்திரி 1 கப்", "முந்திரி 1 கப், பொடித்தது" என்பவற்றிலும் இதே கதைதான். முழு முந்திரி கப்பில் இடைவெளி விட்டு நிற்கும், பொடி அடைத்துக்கொண்டு நிற்கும். "சீனி 1 கப், பொடித்துக்கொள்ளவும்" என்றால் 200 கிராம் சீனி. "பொடித்த சீனி 1 கப்" என்றால் 120 கிராம்கூட இருக்காது. சுஜி பிஸ்கட் தட்டில் பரந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதற்கு இந்த ஒரு வரியைத் தப்பாகப் படித்ததே பல வீடுகளில் காரணம்.

கிராம் கணக்கு

கீழே உள்ளவை 240 மி.லி. கப்புக்கு. மாவு வகைகளைக் கரண்டியால் அள்ளிப் போட்டுத் தலைதட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

மைதா: 120–125
டாப் ஃபிளவர் (நைசான மைதா), கேக் மாவு: 110–115
ஆட்டா: 120
ரவை: 165
அரிசி மாவு: 150
சோள மாவு: 125
சீனி: 200
ஐசிங் சீனி: 115–120 (சலித்தால் 100)
பழுப்புச் சீனி: அழுத்தி நிரப்பினால் 215, தளர்வாக 145–150
கோக்கோ தூள்: 85
பாதாம் தூள்: 96
உலர்ந்த தேங்காய்த்துருவல்: 85
வெண்ணெய்: 227
உருக்கிய நெய், சமையல் எண்ணெய்: 218
பால், தயிர்: 245
கண்டென்ஸ்டு மில்க்: 306
தேன்: 340

250 மி.லி. கப் என்றால் 1.04 ஆலும், ரைஸ் குக்கர் கப் என்றால் 0.75 ஆலும், பால் டின் என்றால் 1.25 ஆலும் பெருக்குங்கள்.

கோக்கோவும் மைதாவும் நிறம் தவிர ஒன்றுபோலத் தெரியும். அதனால் "கால் கப் மைதாவைக் குறைத்துக் கால் கப் கோக்கோ சேர்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். கொள்ளளவில் சரி; எடையில் 30 கிராமை எடுத்து 21 கிராமைப் போடுகிறோம். கோக்கோ மாவைவிட அதிக ஈரம் குடிக்கும் என்பதால் இந்தக் குறைவு உதவிதான். தராசுக்கு மாறிய பிறகு 30க்கு 30 போட்டுவிடாதீர்கள், கேக் வறண்டுவிடும்.

நெய்க்கு ஒரு குறிப்பு. நம் சமையலறை வெப்பத்தில் நெய் பாதி உருகி, பாதி மணல்மணலாக இருக்கும். அந்த நிலையில் கப்பில் அள்ளினால் இடையில் காற்றுக்குழிகள் நிற்கும். கப் கணக்கில் எழுதிய நெய் பிஸ்கட் செய்முறையாக இருந்தால் உருக்கி அளந்ததாக எடுத்துக்கொண்டு 218 போடுங்கள். தராசில் நிறுத்தால் உருகியதா உறைந்ததா என்று பார்க்கவே வேண்டாம். பழுப்புச் சீனியும் அப்படியே: ஈரத்தில் கல்லாகிப்போன பொட்டலத்தைக் கப்பில் அளக்க முயல்வது வீண் வேலை, உடைத்து நிறுத்துவிடுங்கள்.

இனி அந்த சுஜி கேக்

நோட்டில் கப் எது என்று தெரியாது, வெண்ணெய்க் கட்டி எவ்வளவு என்றும் தெரியாது. வெண்ணெயில் தொடங்குவோம். இன்று பேரங்காடியில் 250, 227, 200 கிராம் என்று பல அளவில் கட்டிகள் கிடைக்கின்றன. 227 என்பது அரை ராத்தல் (பவுண்டு). பழைய நோட்டு என்றால் கட்டி 227 ஆக இருக்க வாய்ப்பு உண்டு, பின்னாளில் எழுதியது என்றால் 250.

இப்போது கப்பை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். 240 மி.லி. என்றால் ரவை 248, மைதா 60, பாதாம் 96, சீனி 200. பால் டின் என்றால் ரவை 310, மைதா 75, பாதாம் 120, சீனி 250. ரைஸ் குக்கர் கப் என்றால் ரவை 186, மைதா 45, பாதாம் 72, சீனி 150.

சுஜி கேக்கில் ரவையும் வெண்ணெயும் எடையில் ஏறக்குறைய சமமாக இருப்பது வழக்கம். ரவை வெண்ணெயில் ஊறி உப்ப வேண்டும். வெண்ணெய் பற்றாமல் போனால் ரவை நறநறக்கும், மிஞ்சினால் கேக்கின் அடியில் எண்ணெய் தேங்கும். 240 கப்பில் ரவை 248, வெண்ணெய் 250: கச்சிதமாகப் பொருந்துகிறது. வெண்ணெய் 227 என்றாலும் பெரிய குறை இல்லை, ஒரு சுற்று இறுக்கமாக வரும். பால் டின் கணக்கில் ரவை, மைதா, பாதாம் மூன்றும் சேர்ந்து 505 கிராம். 227 கிராம் வெண்ணெயும் எட்டு மஞ்சள்கருவும் அதைத் தாங்காது. ரைஸ் குக்கர் கணக்கில் ரவை 186 தான், வெண்ணெய் ஓங்கிவிடும். ஆக நோட்டை எழுதியவர் 240 பக்கம் உள்ள ஒரு கப்பைத்தான் பயன்படுத்தியிருக்கிறார். நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவிடலாம்: ரவை 250, மைதா 60, பாதாம் 95, சீனி 200, வெண்ணெய் 250. ஒரு கிராம் இரண்டு கிராமை ஐந்துக்கோ பத்துக்கோ ஒட்டிவிடுவதில் தவறில்லை. 248 என்று எழுதுவதால் துல்லியம் கூடாது. அந்தக் கப்பே அவ்வளவு துல்லியமானது அல்ல. ரவையை வறுத்துச் சேர்ப்பதாக இருந்தால், வறுப்பதற்கு முன் நிறுத்ததுதான் இந்த 250.

விகிதத்தை வைத்துக் கப்பைப் பிடிக்கும் இந்த வழி மற்றவற்றுக்கும் உதவும். சாதாரண வெண்ணெய்க் கேக்கில் மாவு, சீனி, வெண்ணெய், முட்டை நான்கும் எடையில் சமமாக அல்லது சமத்துக்குக் கிட்டத்தில் இருக்கும். வெண்ணெய் பிஸ்கட்டில் சீனி ஒன்று, வெண்ணெய் இரண்டு, மாவு மூன்று என்பது பழகிய விகிதம். நெய் பிஸ்கட்டில் 250 கிராம் மாவுக்கு 150 முதல் 180 கிராம் நெய். மாற்றிய எண்கள் இவற்றிலிருந்து வெகுதூரம் விலகி நின்றால், அடுப்பைச் சூடாக்கும் முன் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். பெரும்பாலும் கப்தான் தப்பாக இருக்கும். வேதிப்பொருளுக்கும் ஓர் ஒப்பீடு உண்டு: 125 கிராம் மாவுக்கு பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, சோடா உப்பு என்றால் கால் தேக்கரண்டி. இதைப்போல் இரண்டு மடங்கு வந்தால் சந்தேகப்பட வேண்டும்.

முட்டை

"முட்டை 3" என்பதும் கொள்ளளவைப்போல் ஒரு குத்துமதிப்புதான். இங்கே விற்கும் அட்டைகளில் ஒரு முட்டையின் எடையோ மொத்த எடையோ அச்சிட்டிருப்பார்கள்; 55, 60, 65 கிராம் என்று வரும். அது ஓட்டோடு சேர்த்து. ஓடு பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். 60 கிராம் முட்டையை உடைத்தால் உள்ளே சுமார் 53 கிராம்: வெள்ளை 35, மஞ்சள் 18. அமெரிக்கச் செய்முறையின் "பெரிய முட்டை" உடைத்தபின் 50 கிராம். ஆகவே 55 கிராம் முட்டையே அதற்குக் கிட்டத்தட்டச் சரி. 65 கிராம் முட்டை நான்கு போட்டால் 30 கிராம் ஈரம் கூடிவிடும், அது இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீருக்குச் சமம். நம் சுஜி கேக்குக்கு 60 கிராம் முட்டையில் மஞ்சள் 144, வெள்ளை 140.

கரண்டி அளவுகள்

சின்னப் பொருள்களில் நான் கரண்டியையே ஆதரிப்பேன், ஒரு நிபந்தனையோடு. ஒரு கிராம் படி காட்டும் வீட்டுத் தராசில் 4 கிராம் பேக்கிங் பவுடரை நிறுத்தால் உண்மையில் மூன்றரையாகவும் இருக்கலாம், நாலரையாகவும் இருக்கலாம். தலைதட்டிய தேக்கரண்டி அதைவிட நம்பகமானது. நகை நிறுக்கும் அளவில் 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு இருந்தால் மட்டும் எடைக்கு மாறுங்கள். அப்போது ஒரு தேக்கரண்டிக்கு: பேக்கிங் பவுடர் 4 முதல் 4.5, சோடா உப்பு 5 அல்லது சற்றுக் குறைவு, தூள் உப்பு 6, உடனடி ஈஸ்ட் 3, ஏலக்காய்த் தூள் 2, பட்டைத் தூள் 2.6. ஒரு சிட்டிகை உப்பு 0.3 முதல் 0.4.

உப்பில் எச்சரிக்கை தேவை. அமெரிக்கச் செய்முறைகளில் வரும் கோஷர் உப்பு செதில்செதிலாக இருக்கும். தயாரிப்பைப் பொறுத்து ஒரு தேக்கரண்டி 3 கிராமும் இருக்கலாம், 5 கிராமும் இருக்கலாம். 3 கிராம் வகைக்குப் பதில் நம் தூள் உப்பை அதே கரண்டியால் போட்டால் இரண்டு மடங்கு கரிக்கும். பாதி போடுங்கள். ஈஸ்ட் பொட்டலம் 7 கிராம் என்றால் இரண்டேகால் தேக்கரண்டி. செய்முறை ஈரமான ஃப்ரெஷ் ஈஸ்ட் கேட்டால் உடனடி ஈஸ்ட் அதில் மூன்றில் ஒரு பங்கு எடை போதும்.

ராத்தல், அவுன்ஸ், காத்தி

1970களில் சிங்கப்பூர் மெட்ரிக் முறைக்கு மாறியது. அதற்கு முன்பு எழுதிய நோட்டில் ராத்தல் 454 கிராம், அவுன்ஸ் 28 கிராம், காத்தி சுமார் 605 கிராம், தாஹில் சுமார் 38 கிராம். இவை எல்லாம் எடை என்பதால் மாற்றுவது எளிது. அவுன்ஸ் மட்டும் இரண்டு முகம் கொண்டது: மாவுக்கு அவுன்ஸ் என்றால் எடை, பாலுக்கு அவுன்ஸ் என்றால் பெரும்பாலும் கொள்ளளவு. பால், தண்ணீர் வரை இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தேனுக்கு வரும்போது விலகும்: 8 அவுன்ஸ் எடை 227 கிராம், 8 அவுன்ஸ் கொள்ளளவு 340 கிராம். அமெரிக்கச் செய்முறையில் "ஒரு ஸ்டிக்" வெண்ணெய் என்றால் 113 கிராம். அது நம் 250 கிராம் கட்டியில் பாதிக்குச் சற்றுக் குறைவு. பாதிக் கட்டியே போட்டாலும் பிஸ்கட்டுக்கு ஒன்றும் ஆகாது.

தராசு

எழுத வேண்டியது நிறைய இல்லை; ஐந்து கிலோ வரை தாங்கி, ஒரு கிராம் காட்டும் எதுவும் போதும். ஆனால் மூன்று இடத்தில் ஏமாற்றும். ஒன்று, மி.லி. பொத்தான். அது தண்ணீரின் அடர்த்தியை வைத்தே காட்டும். எண்ணெய் 200 மி.லி. வேண்டி அந்தப் பொத்தானில் 200 வரை ஊற்றினால் உண்மையில் 217 மி.லி. ஊற்றியிருப்பீர்கள், எண்ணெய், தேன் எதுவாக இருந்தாலும் கிராமிலேயே நிறுங்கள். இரண்டு, சொட்டுச்சொட்டாகச் சேர்ப்பது. பல தராசுகள் மிகச் சிறிய மாற்றத்தை நடுக்கம் என்று நினைத்து எண்ணை நகர்த்தாது. கோக்கோவைச் சிறு துளியாகத் தூவிக்கொண்டே இருந்தால் எண் 20இல் நிற்கும், கிண்ணத்தில் 23 இருக்கும். கடைசியில் கிண்ணத்தைத் தூக்கித் திரும்ப வைத்தால் சரியான எண் வரும். மூன்று, பேட்டரி தீரும் நேரத்தில் எண் தள்ளாடும்.

தராசு சரியா என்று பார்க்க எடைக்கல் வாங்கத் தேவையில்லை. 2013இல் வந்த மூன்றாம் வரிசை ஒரு வெள்ளி நாணயம் 7.62 கிராம். பத்து நாணயத்தைச் சேர்த்து வைத்தால் 76 காட்ட வேண்டும். 74 அல்லது 78 காட்டினால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள். பிறகும் அப்படியே இருந்தால் தராசை மாற்றுங்கள்.

எதிர்த்திசையில் மாற்றுவது

கிராமில் உள்ளதைக் கப்புக்கு மாற்றிக் கேட்பவர்களும் உண்டு. பெரும்பாலும் ஊரில் இருக்கும் அத்தைக்கோ சித்திக்கோ செய்முறையை அனுப்பும்போது. அப்போது நம் கப்பின் எண்ணை அனுப்பாதீர்கள். அவர் வீட்டு டம்ளரில் தண்ணீர் எத்தனை மி.லி. பிடிக்கிறது என்று முதலில் கேளுங்கள். ஊரில் அரை லிட்டர் தண்ணீர்ப் போத்தல் இல்லாத வீடு இருக்காது. அந்தப் போத்தலை டம்ளர் டம்ளராக ஊற்றி எண்ணச் சொன்னால் போதும். இரண்டரை டம்ளர் வந்தால் டம்ளர் 200 மி.லி. பிறகு 250 கிராம் மைதாவை 122ஆல் வகுத்தால் 2.05, அதை 240ஆல் பெருக்கினால் 492 மி.லி.; 200ஆல் வகுத்தால் இரண்டரை டம்ளருக்கு ஒரு துளி குறைவு. "கரண்டியால் அள்ளிப் போட்டு, தட்டாமல், தலைதட்டி" என்ற சொற்களையும் சேர்த்து அனுப்புங்கள். அந்தச் சொற்கள் இல்லாவிட்டால் மாவு 300 கிராமாகப் போய்ச் சேரும்.

கேக் டின் அளவு மாறும்போது

கிராமுக்கு மாற்றிய பிறகு கிடைக்கும் பெரிய வசதி, சிறிய டின்னுக்குக் குறைப்பது. 9 அங்குல வட்ட டின்னுக்கான கேக்கை 7 அங்குலத்தில் சுட வேண்டும் என்றால் விட்டத்தின் வர்க்கத்தைப் பாருங்கள்: 49ஐ 81ஆல் வகுத்தால் 0.6. எல்லாப் பொருளையும் 0.6ஆல் பெருக்குங்கள். 8 அங்குலச் சதுர டின்னும் 9 அங்குல வட்ட டின்னும் பரப்பில் ஏறக்குறைய ஒன்று, அதனால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை அப்படியே எடுக்கலாம். பூப்போட்ட அச்சு, வளைய அச்சு என்றால் கணக்கு வேண்டாம்; தராசில் வைத்துத் தண்ணீர் ஊற்றிக் கொள்ளளவைப் பாருங்கள், மாவுக்கலவை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏறக்கூடாது. அடி கழலும் டின்னில் தண்ணீர் ஒழுகும், உள்ளே ஒரு பிளாஸ்டிக் பையை விரித்துவிட்டு ஊற்றுங்கள்.

முட்டையில்தான் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள்: மூன்று முட்டையில் 0.6 எப்படி? மூன்று முட்டை 150 கிராம், அதில் 0.6 என்பது 90. இரண்டு முட்டையை உடைத்து, மஞ்சளும் வெள்ளையும் கலக்கும்வரை முள்கரண்டியால் அடித்து, தராசில் 90 கிராம் ஊற்றுங்கள். மிஞ்சிய பத்துப் பதினைந்து கிராமில் ஒரு கரண்டி பால் கலந்து வைத்துக்கொண்டால், அதே நாளில் சுடும் பிஸ்கட்டின் மேல் பூச ஆகும்.